பெண்கள் பக்கத்துக் குலவை

பிளானோ, டெக்சாஸ்
14 பிப்ரவரி 2003

தம்பி அல்தாபுக்கு, உன் லாத்தா ஆஸிபாவின் ஸலாம்.

சுகமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. நேற்று டிவியில் என் குரலைக் கேட்டேன்.

ரிதாவுக்குப் பல் காட்டப் போயிருந்தோம். டாக்டரம்மா கூப்பிடும்வரை உட்காரும் அறையில் மேலே ஒரு டிவி. திரையில் ஒருவன், கட்டம் போட்ட துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, எரிந்த காருக்கு முன்னால் நிற்கிறான். கீழே 'பாரூத்' என்று பெயர். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உன் கூட்டாளி ஃபாரிஸ். நீ அனுப்பிய போட்டோவில் உன் தோளில் கை போட்டுப் பல் தெரியச் சிரித்த பிள்ளை இப்படி ஏன் நிற்கிறான் என்று நினைப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நீ கம்ப்யூட்டரில் கட்டுவாயே, அந்த மேளம். அவன் ராப். நடுவில் குலவை.

என் குலவைடா! கீழக்கரையில் கைருன் சாச்சி மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை தெருமுனைக்கு வந்தபோது நான் போட்டது. என் மூச்சு எங்கே உடைந்து எங்கே சேரும் என்று எனக்குத் தெரியாதா?

கோட்டு போட்ட பெரிய மனுஷர் ஒருவர், நிபுணராம், சொல்கிறார்: இது ஆண்களைச் சண்டைக்கு அனுப்பும்போது பெண்கள் எழுப்பும் ஓலம், எங்கோ ஒரு பயிற்சி முகாமில் பதிவு செய்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து உன் மருமகள் ரிதா நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள்: "உம்மா! தட்ஸ் யூ! தட்ஸ் யுவர் வாய்ஸ்!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் சிரித்தேன். "ஷீ இஸ் ஜோக்கிங்" என்றேன். பக்கத்திலிருந்த அம்மாள் சிரிக்கவில்லை, கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பல்லாவது ஒன்றாவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடிவந்துவிட்டேன்.

போன கோடையில் நீ இங்கே வந்திருந்தபோது, என்னிடம் இருக்கிற அந்தக் கல்யாண வீடியோ கேசட்டிலிருந்து எடுத்திருக்கிறாய். நம்மூர்க் கல்யாணத்தில் கேசட் இரண்டு. ஆண்கள் பக்கத்து கேசட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெண்கள் பக்கத்து கேசட்டைக் கல்யாண மாப்பிள்ளைகூடப் பார்த்தது கிடையாது. அங்கே அத்தனை பேரும் முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவோடு இருக்கிறார்கள். அதில் கை வைக்க உனக்கு எப்படிடா மனசு வந்தது?

உன் மச்சானுக்கு இன்னும் தெரியாது. அவர் என் குலவையைக் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாணத்தில் மணப்பெண் நான் வாய் திறக்க முடியுமா? இங்கே வந்தபிறகு, அவர் ஆபீஸ் போன நேரத்தில், ரிதா முதல் அடி வைத்தபோதும் பிறந்த நாளுக்கும் அடுக்களையில் மெதுவாகப் போட்டதுதான். கிரீன் கார்டு கடைசிப் படியில் நிற்கிறது. தாக்குதல் வரலாம் என்று அரசாங்கம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, ஊரெல்லாம் விஷவாயு பயத்தில் ஜன்னலில் ஒட்டப் பிளாஸ்டிக் ஷீட் வாங்குகிறார்கள். இவர் தாடியை எடுத்துவிட்டார். இந்த நேரத்தில் இது வெளியே வந்தால் எங்கள் கதி என்ன?

அந்தப் பாட்டை நிறுத்தச் சொல். போன் பண்ணாதே, ஈமெயிலும் வேண்டாம். எதிர் வீட்டு விசாலாக்ஷியின் முகவரிக்குக் கடிதம் எழுது. அவள் நம்பிக்கையானவள்.

ஆஸிபா

---

ஜெர்சி சிட்டி
22 பிப்ரவரி 2003

லாத்தா, ஸலாம்.

உங்கள் கடிதத்தை ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் நின்றபடியே படித்தேன். ரயில் வந்து போனதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு பேங்க் வேலைக்கு லேட்.

முதலில் ஒன்று. நான் படத்தைப் பார்க்கவில்லை, அல்லாஹ் மேல் ஆணை. நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் டிவி மேல் உங்கள் துப்பட்டியைப் போட்டு மூடிவிட்டு, சத்தத்தை மட்டும்தான் எடுத்தேன். பார்க்கத்தானே கூடாது, கேட்டால் என்ன என்று நினைத்தேன். தெருவில் நிற்கிற ஆண்களுக்கும் குலவை கேட்கத்தானே செய்கிறது? இப்படி யோசித்த என் மண்டையை நீங்களே கொட்டுங்கள்.

ஃபாரிஸுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது அவன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அவர்கள் ஊரிலும் கல்யாணத்துக்கு இதே மாதிரி போடுவார்களாம். ஜோர்டானில் அம்மான் நகரத்திலிருந்து வந்தபிறகு யாரும் போட்டுக் கேட்டதில்லை என்றான். பேட்டர்சன் ஊரில் அவர்கள் வீட்டில் அவன் உம்மா ரொட்டி மாவு பிசைந்த கையோடு வந்து நின்று கேட்டு அழுதார்கள். பாட்டே கல்யாணப் பாட்டுதான் லாத்தா! தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க முடியாமல் தூர தேசத்தில் நிற்கிற அண்ணன் பாடுவது. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை.

அந்தத் துண்டும் எரிந்த காரும் கம்பெனிக்காரன் வேலை. "நல்ல பையன் அரபியை யார் வாங்குவான்? பயப்படுற மாதிரி இருந்தாதான் திரும்பிப் பார்ப்பான்" என்று அவன் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். பாரூத் என்ற பெயரும் அவன் வைத்ததே, வெடிமருந்து என்று அர்த்தம். ஃபாரிஸ் நாயைக் கண்டால் நடைபாதை மாறிப் போகிறவன், மாமா பேக்கரியில் தட்டு கழுவுகிறவன். போட்டோ எடுத்த அன்று துண்டு மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருந்தான். முதல் மாதம் கம்பெனிக்காரன் சொன்னது பலித்தது, ரேடியோவில் அடிக்கடி போட்டார்கள், ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். இப்போது அதே போட்டோதான் செய்தியில் வருகிறது. கச்சேரியெல்லாம் ரத்து. கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை.

நான் அந்த சேனலுக்குப் போன் பண்ணி, அது கல்யாணம்தான் என்று சொல்லிவிடலாமா? உங்கள் பெயரை எடுக்க மாட்டேன்.

உங்கள் அல்தாப்

---

பிளானோ
9 மார்ச் 2003

அல்தாபு,

சேனலுக்குப் பேசினாயானால் என் மய்யித்தைத்தான் பார்ப்பாய், என்னை உயிரோடு பார்க்க மாட்டாய். யாருடைய கல்யாணம் என்று கேட்பான், எந்த ஊர் என்பான், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்ததற்கும் சொல்லியாக வேண்டும். சும்மா இரு.

உன் மச்சான், விசாலாக்ஷியின் வீட்டுக்காரர் பசுபதி அண்ணனோடு ஒரே காரில் ஆபீஸ் போகிறவர் அல்லவா? அன்று டோல்வேயில் ரேடியோவில் அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகப் போட்டுக் கேலி பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொல்கிறார்: "யாரோ ஒருத்தி கூச்சல் போட்டு வச்சிருக்கா ஆஸிபா. இந்த மாதிரி பொம்பளைங்களாலதான் நம்ம எல்லாருக்கும் கஷ்டம்." நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாசரெல்லாம் தேநீர்.

செவ்வாய்க்கிழமை நம் அபார்ட்மென்ட் லீசிங் ஆபீஸுக்கு அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் வந்து எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்களாம். விசாலாக்ஷிதான் சொன்னாள். "எல்லா வீட்டையும்தான் கேட்டாங்க, நீ ஏன் இப்படி வெளிறிப் போற? தண்ணி குடி" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை ஃபாரிஸுக்காக எனக்கும் மனசு கேட்கவில்லை. தொழுதால் அவன் பேரும் வருகிறது. ஆனால் என் பயம் எனக்குப் பெரிதாக இருக்கிறது, அதை நான் என்ன செய்ய?

ஆஸிபா

---

ஜெர்சி சிட்டி
30 மார்ச் 2003

லாத்தா,

ஃபாரிஸை உள்ளே வைத்துவிட்டார்கள்.

வெளிநாட்டு முஸ்லிம் ஆண்கள் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு இருக்கிறதே, அதில் இந்தியா இல்லை, நான் தப்பித்தேன். ஜோர்டான் இருக்கிறது. ஒளிந்தால்தான் தப்பு, நாமே போய்விடுவோம் என்று நான்தான் அவனை அழைத்துப் போனேன். புதுச் சட்டை போட்டு, முடி வெட்டி, பேக்கரிப் பெட்டியில் பக்லாவா வேறு எடுத்துக்கொண்டு வந்தான், அதிகாரிகளுக்குக் கொடுக்க. வாசலில் காவல்காரர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவனைக் கொடுக்கவில்லை.

விசா முடிந்து புதுப்பிக்காமல் சில மாதம் ஓடியிருக்கிறது. அது சாதாரணத் தப்பு, ஜாமீனில் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் கலாவதி மேடம் சொன்னார். நம்ம தமிழ் ஆள்தான், எடிசனில் ஆபீஸ். ஆனால் அவனை உட்கார வைத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், இந்தப் பெண் யார், எங்கே பதிவு செய்தது என்று. "என் நண்பனின் சகோதரி, ஒரு கல்யாணத்தில்" என்றிருக்கிறான். எந்த நண்பன், எந்தச் சகோதரி? அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை லாத்தா. உங்கள் பெயர் அவனுக்குத் தெரியும், ரிதா பெயர்கூடத் தெரியும். சொல்லவில்லை. சொல்லாததால் மறைக்கிறான் என்று ஜாமீன் மறுக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் விசாரணை. பாட்டைக் கட்டியவன் நான் என்று மேடம் மூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என் விசா அல்லாஹ் விட்ட வழி. ஆனால் நான் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது வெறும் சத்தம், அதை யாரும் எங்கேயும் செய்யலாம் என்கிறார்கள். கேசட் இருந்தால் கல்யாணம் என்று கண்ணால் பார்த்துவிடுவார்கள். கேசட் உங்களிடம்தான் இருக்கிறது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அல்தாப்

---

பிளானோ
7 ஏப்ரல் 2003

அல்தாபு,

கேசட் இல்லை. இனி கேட்காதே.

ரிதா சொல்லிவிட்டாள். சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "வாப்பா, உம்மா இஸ் ஆன் தி ரேடியோ" என்றாள். இவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. உன் மச்சான் கோபக்காரர் இல்லை, உனக்கே தெரியும். அன்று என்னைத் திட்டவும் இல்லை. "எந்த கேசட்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து உள்ளேயிருந்த நாடாவை இழுத்து இழுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். கருப்பாக, மடி நிறைய. பிறகு அதைக் குப்பைப் பையில் கட்டி, நம் அபார்ட்மென்ட் தொட்டியில் போடாமல், கார் எடுத்துப் போய் எங்கோ ஒரு கடைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தார். வந்து கை கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார்.

நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதில் இருக்கிற பெண்களை நினைத்துப் பார். சாச்சி, அவர் மருமகள்கள், தெருவில் உள்ள குமரிகள். நம்மைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் காமிராவுக்கு முன் ஆடினார்கள். அவர்களைக் கோட்டு போட்ட ஆண்களுக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்ட என்னால் முடியாது. என் பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

மச்சான் உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். இது தெரியாமல் எழுதுவது. இதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆஸிபா

---

ஜெர்சி சிட்டி
13 ஏப்ரல் 2003

லாத்தா,

நீங்கள் எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான், பிறகு இல்லை.

நேற்று ஃபாரிஸைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஆரஞ்சு உடுப்பு. துண்டு போட்ட போட்டோவில் பயங்கரமாக இருக்கிறானே, அதைப் பார்த்து உள்ளே இருக்கிறவர்கள் அவனை பாரூத் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காவலர்கள் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ராப் பாடுகிறவன்தானே, பாடிக் காட்டு என்று ஒருவன் தினமும் கதவைத் தட்டுகிறானாம். "நான் இனிமேல் வாயைத் திறக்கவே மாட்டேன் அல்தாப்" என்றான். அவன் உம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் புரியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பி அனுப்பிவிட்டால் அங்கே அவனுக்கு யாரும் இல்லை. வாப்பா இல்லை, வீடு இல்லை.

கலாவதி மேடம் கேட்டார்: "கேசட் போனா போகட்டும். அந்தப் பொண்ணு உயிரோட இருக்காங்கல்ல? வந்து ஒரு தடவை போட்டுக் காட்டினா மெஷின்ல ஒப்பிட்டுப் பார்த்துடுவாங்க. அவங்க எங்க இருக்காங்க?"

உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டிவிடக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியதைச் சொல்லிவிட்டேன். ஊரில் இருந்தாள், போன வருஷம் மவுத்தாகிவிட்டாள் என்று சொன்னேன். மேடம் "ஐயோ" என்றார். நானும் உண்மையாகவே அழுதுவிட்டேன். உங்களை மவுத்தாக்கிவிட்டேன் லாத்தா. இனி யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். நிம்மதியாக இருங்கள்.

அல்தாப்

---

பிளானோ
4 மே 2003

அல்தாபு,

கலாவதி மேடம் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்திருந்தேன். மவுத்தானவள் என்று என் தம்பி எழுதி என் கையிலேயே கொடுத்திருக்கிறான். கோபம் வரவேண்டும், வரவில்லை. அந்தப் பிள்ளை என் பெயரைச் சொல்லாமல் அடைபட்டுக் கிடக்கிறான், நான் அவனுக்கு யார்? விசாலாக்ஷி வீட்டுப் போனிலிருந்து எடிசனுக்குக் கூப்பிட்டு, "மேடம், அந்தக் குலவை நான்தான், சாகலை" என்றேன்.

அதிகாரிகள் முன்னால் வந்து போட்டுக் காட்ட மேடம் ஒரு நாள் குறித்தார். மச்சானிடம் அன்று காலையில்தான் சொன்னேன். கதவுக்கு முன்னால் வந்து நின்றார். "நீ போனா நாம மூணு பேரும் போக வேண்டியதுதான்" என்றார். அவர் கண்ணில் அத்தனை பயம். நான் செருப்பை மாட்டினேன். அவர் விலகி, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

விசாலாக்ஷிதான் டிரைவ் பண்ணினாள். டாலஸில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு மாடி. மேடம் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தார். எதிரே அதிகாரிகள், இரண்டு ஆண்கள், ஒரு பெண். மேஜையில் மைக். "இப்போது செய்யுங்கள்" என்றார்கள், இருமிக் காட்டு என்கிற மாதிரி. ஆண்களை வெளியே போகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். வயதான ஒருவர் மட்டும் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மறுபடி போட்டேன், அது குலவையே இல்லை, அலறல். சின்னவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நோ மேட்ச்" என்றான். பொய் சொன்னதாக என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள், ரிதாவுக்கு யார் சோறு கொடுப்பார்கள் என்று மட்டும்தான் ஓடியது.

மேடம் அவர்களிடம் பேசி, நீ கொடுத்த பதிவை என் காதில் மாட்டச் சொன்னார். மேளம் இல்லாத வெறும் சத்தம். கேட்டேன். என் குலவை, பிள்ளைகள் கூச்சல், அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் கைருன் சாச்சி கத்துகிறார்: "அடியே, அடுப்புல வட்டலப்பம் தீயுது, எவளாச்சும் போய்ப் பாருங்கடி!"

அல்லாவே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது! அன்று மாப்பிள்ளையைப் பார்க்கிற ஆசையில் ஒருத்தியும் போகவில்லை, அத்தனையும் அடிப்பிடித்து, சாச்சி எங்கள் எல்லோரையும் கரண்டியோடு துரத்தினார். சிரிப்போடு சிரிப்பாகத் தானே கிளம்பி வந்துவிட்டது குலவை. அந்த மாடியே அதிர்ந்தது. வெளியே விசாலாக்ஷி எழுந்து நின்றுவிட்டாள். சின்னவன் திரையைப் பார்த்தான், அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். ஏன் சிரித்தீர்கள்? பின்னால் பேசுவது யார்? சாச்சி சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். "எரிகிறது என்றால், எது எரிகிறது?" என்றாள். வட்டலப்பம். "எழுத்துக்கூட்டுங்கள்." கூட்டினேன். "அதில் என்னென்ன சேர்ப்பீர்கள்?" முட்டை, தேங்காய்ப்பால், சீனி, ஏலக்காய். ஒவ்வொன்றாக எழுதினாள். "பேசுகிறவரின் முழுப் பெயர்?"

சொல்லிவிட்டேன் அல்தாபு. சாச்சியின் பெயர், அவர் வாப்பா பெயர், தெரு, எல்லாம். கேட்கக் கேட்க வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. பிறகு மைக்குக்கு இன்னும் கிட்ட வரச் சொல்லி, மறுபடி மறுபடி குலவை போட வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். கோப்புக்காம்.

கேசட்டில் இருந்தவர்களின் முகத்தைக் காப்பாற்றினேன், பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை வெளியே வந்தால் ஒரு வரி எழுது.

ஆஸிபா

---

ஓக்லேண்ட், கலிபோர்னியா
20 நவம்பர் 2004

லாத்தா, ஸலாம்.

போன வருஷம் ஜூனில் அவனை விட்டபோது அந்த ஒரு வரியை எழுதினேன், அப்புறம் எழுத முகம் இல்லை. போன மாதம் ஃபாரிஸின் வழக்கு முடிந்துவிட்டது. இங்கேயே இருக்கலாம். அவன் உம்மா உங்களுக்காகத் தினமும் துஆ செய்கிறார்கள்.

நாங்கள் பே ஏரியாவுக்கு வந்துவிட்டோம். எனக்கு சான்டா கிளாராவில் வேலை. அவனை இங்கே ஒரு புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. இப்போது பாரூத் இல்லை, வெறும் ஃபாரிஸ். வெள்ளைச் சட்டை, பேஸ்பால் தொப்பி, பின்னால் புறா பறக்கிறது. புறாவும் ஒட்டியதுதான்! முன்பு சிரிக்காதே என்றார்கள், இப்போது சிரிப்பை நிறுத்தாதே என்கிறார்கள். சிறைக்குப் போய் வந்தவன், அன்பைப் பாடுகிறவன் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதே கல்யாணப் பாட்டை வேகமாக்கி வெளியிட்டார்கள், பிய்த்துக்கொண்டு போகிறது. பாஸ்கெட்பால் மைதானத்தில் போடுகிறார்கள், கூட்டமே சேர்ந்து குலவை போடுகிறது.

அவன் டிவி பேட்டி பார்த்தீர்களா? அந்தக் குரல் யாருடையது என்று கேட்டபோது "என் உம்மாவுடையது" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியே வந்து, "உன் அக்காவுடைய பேரை இந்த ஜென்மத்துல யாரும் கேக்கக் கூடாது, அதுக்குத்தான் சொன்னேன்" என்று அழுதான். ஆனால் உம்மா என்றால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று கம்பெனிப் பெண் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததையும் நான் கேட்டேன். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன். அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மேளம் போடுவதை விட்டுவிட்டேன்.

மச்சானுக்குக் கோபம் தீர்ந்ததா? நான் வரலாமா?

அல்தாப்

---

பிளானோ
17 ஏப்ரல் 2005

அல்தாபு,

வா. மச்சானே சொல்லச் சொன்னார். போன வாரம் கிரீன் கார்டு வந்துவிட்டது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று உறையைப் பிரித்தார், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே பயமில்லை ஆஸிபா" என்றார். அன்று மாலை பசுபதி அண்ணனையும் விசாலாக்ஷியையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம்.

கைருன் சாச்சி என்னைப் பார்க்க வர விசா கேட்டிருந்தார். கொடுக்கவில்லை. எல்லோருக்கும்தான் மறுக்கிறார்கள், நம்மூரில் பாதிப் பேருக்குக் கிடைத்ததில்லை என்று இவர் சொல்கிறார். இருக்கலாம். அன்று அவர் பெயரைக் கொடுத்ததைச் சாச்சியிடம் போனில் நான் சொல்லவில்லை. "எம் பேருல என்னடி குத்தம் கண்டான்?" என்று அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நேற்று ரிதாவின் பள்ளிக்கூடத்தில் வசந்த விழா. மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டி அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் குரல் டீச்சர், பிள்ளைகள், அப்பா அம்மாக்கள் எல்லார் தலைக்கு மேலும் போனது. யாரும் கைப்பையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் கையை வாய்க்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டு குலவை போட்டார்கள். அவர்களுக்கு வரவில்லை, வெறும் கூச்சல்தான். பக்கத்திலிருந்த அம்மாமாரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ட்ரை இட், இட்ஸ் ஃபன்!" என்றாள்.

அப்போதுதான் ரிதா போட்டாள். நாக்கைச் சுழற்றி, மூச்சை உடைத்து, சேர்த்து, அச்சு அசலாக. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அத்தனை கூச்சலிலும் அவளுடையது தனியாக மேலே போனது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வாவ்" என்றார்கள். கை தட்டினார்கள்.

நான் ஓடிப்போய் என் பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

அவளுக்கு அது விளையாட்டு. என் உள்ளங்கைக்குள் அவள் இன்னும் போட்டுக்கொண்டிருந்தாள், சூடாக, நாக்கு துடிக்க. எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் பாட்டு முடியும்வரை என்னால் கையை எடுக்க முடியவில்லை, அல்தாபு.

ஆஸிபா